அக்காவின் கோழிகளும் ஓடு மெலிந்த முட்டைகளும்

கோழி முட்டைக்குக் கட்டுப் போட்டவன் நான். கை முறிந்தவனுக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணியை ஒரு முட்டைக்குச் சுற்றி, முடிச்சும் போட்டு, அடைக் கோழிக்கு அடியில் வைத்தேன். எங்கள் தெருவில் இந்தச் செய்தி தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் புதிதாகக் குடி வந்தவராகத்தான் இருப்பார்.

அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானதும், அக்காவின் மகன், ராணுவத்தில் இருக்கும் என் மருமகன், போனில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான். “மாமா, அந்த பேண்டேஜ் கதைய மட்டும் எழுதிராதீக. எங்கூட வேல பாக்குறவங்களுக்கும் புஸ்தகம் குடுக்கணும்.” அதனால்தான் முதல் வரியிலேயே எழுதி முடித்துவிட்டேன். அதை விட்டுவிட்டு அக்காவின் கடைசி மாதங்களைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அக்கா பிறந்தது சுந்தரபாண்டியத்தில். அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல்வயல் இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் நடுவே பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னைத் தரையில் விடவே அக்காவுக்குப் பயம். எங்கே போனாலும் இடுப்பில்தான். நான் நடக்கப் பிந்தியதற்கும், இன்றுவரை எல்லாவற்றையும் பிந்தியே செய்வதற்கும் அந்த இடுப்புதான் காரணம் என்று அப்பா சொல்லுவார். அக்கா மறுக்கமாட்டார். “நடந்து எங்க போயிரப் போறான்? இங்கனக்குள்ளதான சுத்தப் போறான்” என்பார். அது அப்படியே பலித்தது. சுந்தரபாண்டியத்தில் கிளம்பிய நான் ராஜபாளையத்தைத் தாண்டவில்லை. மருத்துவமனைகளுக்கு காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஒரு யூனிட்டில் சேர்ந்து, அங்கேயே சூப்பர்வைசராகி, அங்கேயே தலை நரைத்தேன்.

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தோம். அத்தான் லாரி ஓட்டுநர். பேச்சு குறைவு, ஹாரன்கூட அதிகம் அடிக்காத மனிதர். மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் ஒரு விபத்தில் அவர் போய்விட்டார். ஊருக்கே வந்துவிடு என்று அப்பா கூப்பிட்டதற்கு, “எம் பிள்ள இங்கதான் பள்ளிக்கூடத்துக்குப் போறான், நானும் அங்கேயே போறேன்” என்று அக்கா பதில் சொன்னார். சொன்னபடியே சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அந்த அடுப்படிதான் அவருக்கு உலகம். அக்கா அவித்த முட்டைகளை வரிசையாக அடுக்கினால் ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளைச் சுற்றி வந்துவிடும்.

அந்த வேலையில் அக்கா எப்படி இருந்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பையன் முட்டையை வாங்கித் தின்றுவிட்டு, எனக்குத் தரவில்லை என்று மறுபடியும் வந்து நின்றானாம். வாயோரத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருந்ததாம். அக்கா பேசாமல் தனக்கு வைத்திருந்த முட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார். தலைமை ஆசிரியர் பார்த்துவிட்டு, பொய் சொல்லுகிறவனுக்கு எதற்கு என்று கேட்டதற்கு, “பொய் சொல்லியாவது ஒரு முட்டை கேக்கான்னா அது வயிறு சொல்லுத பொய்தான சார்?” என்றாராம்.

பள்ளிக்கூட முட்டை ஒன்றைக்கூட அக்கா வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. தன் மகனுக்கு முட்டை வேண்டும் என்றுதான் வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கினார். மகன் வளர்ந்து ராணுவத்துக்குப் போன பிறகும் கோழிகள் மட்டும் போகவில்லை.

மருமகன் வடக்கே பனிமலையில் எல்லைப் பணியில் இருந்தபோது ஒரு சமயம் பல நாள் போனே வரவில்லை. டிவியைப் போட்டால் அங்கே துப்பாக்கிச் சத்தம். அக்கா டிவியை அணைத்துவிட்டு, கூமாப்பட்டிப் பக்கம் மேற்கு மலையடிவாரத்தில் இருக்கும் அத்தான் வீட்டுக் கருப்பசாமியை நினைத்து வேண்டிக்கொண்டார். மகன் முழுசாகத் திரும்பி வந்தால், தன் வீட்டுக் கோழி பொரித்த சேவலைக் கொண்டுவந்து விடுவதாக. மகன் முழுசாகத்தான் வந்தான், போதாததற்கு வயிறு கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கழிசல் நோய் வந்து அக்காவின் கோழிக் கூட்டம் பெரும்பாலும் போய்விட்டது. மிஞ்சியவை சில பெட்டைகள்தான். அவற்றுக்குத் துணையாக யாரோ கொடுத்த ஒற்றைக்கண் சேவல் ஒன்று இருந்தது. அது வெளியில் பொரித்தது, ஊனம் வேறு. சாமிக்கு ஆகாது. அடுத்த அடையில் பொரித்ததும் விட்டுவிடலாம் என்று அக்கா இருந்தபோதுதான் வயிற்றுவலி வந்தது.

மதுரையில் பெரிய டாக்டர், கட்டி பரவிவிட்டது, இனி வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பங்குனியில் அக்காவை ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கோழி இல்லாமல் வரமாட்டேன் என்றார். ஆட்டோவில் முன்னால் நானும் கோழிக் கூடையும், பின்னால் அக்காவும் என் மனைவியும். சேத்தூர் வரைக்கும் போகிற டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஏனென்றால் சேவல் வழியெல்லாம் கூவிக்கொண்டே வந்தது.

வந்த அன்றே அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

“ஏலே, எனக்கு ஒன்னே ஒன்னுதான். ஒரு சேவக்குஞ்சு பொரிக்கட்டும். வளந்து நிக்கணும்னு இல்ல. ரெக்க மொளச்சதும் கால்ல மஞ்சத்துணி கட்டிட்டாப் போதும், அது சாமிக்கு ஆயிரும். பொறவு நீங்க கொண்டுபோயி விட்டுக்கிடலாம். அது கட்டாம எனக்குக் கண்ணு மூடாது.”

“இதுக்கு ஏங்க்கா கவலப்படுதே? சந்தையில நல்ல சேவலா வாங்கி நாளைக்கே விட்டுட்டு வாரேன்.”

“சாமிக்கே டூப்ளிகேட்டாலே?” என்றார் அக்கா. பேச்சு அதோடு முடிந்தது.

கோழிகளை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய். அதற்கு எங்கள் கொல்லைச் சுவர் ஒரு தாவல். அதனால் வீட்டுக்குப் பின்னால் கழிவுத்துணி போட்டு வைக்கிற தகரக் கூரை அறையைக் காலி செய்து கோழிகளை உள்ளே விட்டேன். யூனிட்டிலிருந்து நல்ல வெள்ளைப் பஞ்சாகக் கொண்டுவந்து தரையில் மெத்தை போட்டேன். ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன். கதவுக்குத் தாழ். வேளாவேளைக்குச் சோறு, மிச்ச இட்லி, குருணை. எனக்கே அந்த அறையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. என் அக்காவின் கோழிக்கு ஒரு குறை வைக்கமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சித்திரையில் கருப்புப் பெட்டை முட்டையிடத் தொடங்கியது. கையில் எடுத்தால் பெருவிரல் உள்ளே போனது. ஓடு வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. அடுத்தது சாம்பல் நிறப் பெட்டை. அது இட்டதில் ஓடே இல்லை. வெறும் தோல் முட்டை, தண்ணீர்ப் பை மாதிரி தளும்பியது. உடைந்ததைக் கோழிகளே கொத்தித் தின்னத் தொடங்கின. தேறினவை என்று நான் நினைத்த சில முட்டைகளை, அக்கா கட்டிலில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, கூடையில் மணல் பரப்பி, இடிக்கும் கண்ணேறுக்கும் காப்பாகக் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் ஓர் இரும்பாணியும் போட்டு அடை வைத்தேன். கருப்புப் பெட்டை ஏறி உட்கார்ந்தது. அது உட்கார்ந்த கனத்துக்கே உள்ளே நொறுக்கென்றது. மறுநாள் தூக்கிப் பார்த்தால் மணலெல்லாம் மஞ்சள் கரு, வரிசையாக எறும்பு.

கூடையைக் கழுவக் கொல்லைக்குப் போனவன், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் வழிய வழிய அப்படியே நின்றேன். உள்ளே இருந்து அக்கா சத்தம் கொடுத்தார்.

“என்னலே, அடை எப்படி இருக்கு?”

“நல்லாருக்குக்கா. கோழி இருந்த எடத்த விட்டு அசையல.”

அசையும் நிலையில் உள்ளே ஒன்றும் இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து என் புத்தி என் வசத்தில் இல்லை. முட்டை ஓடு சுண்ணாம்பு என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைச் சோற்றில் பிசைந்து வைத்தேன். கோழிகள் ஒரு கொத்துக் கொத்திவிட்டு அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, யூனிட்டில் சம்பளம் பிந்தினால் ஆட்கள் பார்க்கிற பார்வை அது. பிறகு என் மனைவியின் மூட்டுவலிக்கு டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையை அம்மியில் பொடித்து இட்லியில் கலந்தேன். மனைவி மாத்திரை டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள்.

“எங்க போச்சு மாத்திரையெல்லாம்?”

“கோழிக்கு.”

“அப்ப நாளையிலருந்து மூட்டு வலிச்சா நான் கூடைக்குள்ள போய் உக்காந்துக்கிடுதேன். நீங்க எனக்குக் குருணையப் போடுங்க.”

டீக்கடையில் ஒருவர், திருஷ்டி என்றார். இன்னொருவர் கோழிக்கு வயதாகிவிட்டது, குழம்பு வைத்துவிடு என்றார். பால்கோவா கொடுத்துப் பார், பாலில் கால்சியம் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அதையும் வாங்கி வந்தேன். கோழிகள் தின்னவில்லை. நான் தின்றேன். அழுகையை அடக்க வாயில் ஏதாவது வேண்டியிருந்தது.

அக்காவுக்கு அதற்குள் வலி கூடிவிட்டது. புரண்டு படுக்க ஒரு கை பிடிக்க வேண்டும். வலிக்கு ஊசி போட வீட்டுக்கு வருகிற நர்ஸ், ஊசியைக் கூட்டிப் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்றபோது அக்கா வேண்டாம் என்றுவிட்டார். கூட்டிப் போட்டால் தூங்கிவிடுவாராம். தூக்கத்தில் குஞ்சு பொரித்தது தெரியாமல் போய்விடுமாம். மருமகனுக்கு லீவு கிடைக்க ஆவணி ஆகும் என்று தெரிந்தது. அவன் போனில், “மாமா, எப்படியாச்சும் அந்த ஒரு குஞ்ச மட்டும்...” என்றான். பனிமலையில் நிற்கிறவன் அழுவதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குஞ்சு பொரித்தால் அக்கா நிம்மதியாகப் போய்விடுவார். பொரிக்காதவரை வேதனையோடு என் வீட்டில் இருப்பார். கோழி அறைக்குப் போகும்போதெல்லாம், கடவுளே முட்டை நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போவேன். கதவில் கை வைத்ததும், இருக்கக் கூடாது என்றும் உள்ளே ஒன்று வேண்டும். இப்படி இரண்டு பக்கமும் வேண்டுகிறவனுக்கு எந்தச் சாமி என்ன செய்யும்? இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாததால் அச்சில் சொல்கிறேன்.

அந்த நிலைமையில்தான் பேண்டேஜ். சாம்பல் பெட்டை இட்ட ஒரு முட்டை, மெலிசு என்றாலும் உடையாமல் கைக்கு வந்தது. இதை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். என் மூளையில் வேறு என்ன இருக்கும்? ஆயுள் முழுக்க உடைந்ததற்கெல்லாம் துணி சுற்றி அனுப்பியவன். நைசான காஸ் துணியை மூன்று சுற்றுச் சுற்றி, மேலே பேண்டேஜ் போட்டு, முடிச்சை மெதுவாக இறுக்கி, கருப்புப் பெட்டைக்கு அடியில் வைத்தேன். அது எழுந்து, குனிந்து பார்த்து, முடிச்சை அலகால் பிடித்து இழுத்து, முட்டையைக் கூடைக்கு வெளியே உருட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. மெத்தைப் பஞ்சில் விழுந்ததால் முட்டை பிழைத்தது. என் மானம் பிழைக்கவில்லை. பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கிளம்புங்க. அந்த முட்டையோட ஆஸ்பத்திரிக்குப் போங்க. கோழி ஆஸ்பத்திரிக்கு” என்றாள்.

கட்டுப் போட்ட முட்டையை டிபன் பாக்ஸில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பசுவும் இரண்டு ஆடும் இருந்தன. டாக்டர் சின்ன வயதுப் பெண். மூடியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சார், இத நான் பாக்கணுமா, எலும்பு டாக்டர் பாக்கணுமா?”

டிபன் பாக்ஸை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை சட்டென்று சிரிப்பை நிறுத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க சார், மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றது. சொன்னேன். அக்கா, சேவல், நேர்ச்சை, தகரக் கூரை, பஞ்சு மெத்தை, சாக்கு எல்லாம்.

“வெயில் எப்ப படுது கோழிக்கு?”

“வெயிலா? ஒரு பொட்டு வெயில் படாமப் பாத்துக்கிடுதேன்ம்மா.”

“அதான் சார் வியாதி.”

அவர் விளக்கியது இதுதான். கோழி என்ன தின்றாலும் மேலே வெயில் படாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. சோற்றிலும் இட்லியிலும் அந்தச் சத்தே கிடையாது. போதாததற்குத் தகரத்துக்கு அடியில் வேகிறது. கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும், அப்படி மூச்சு வாங்குகிற கோழியின் முட்டை ஓடு மெலிந்துவிடும். காலையும் மாலையும் வெளியே விடுங்கள், கிளிஞ்சல் தூளைத் தனியாக ஒரு சட்டியில் வையுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும், கீரை போடுங்கள், குளிர்ந்த தண்ணீரை நிழலில் வையுங்கள் என்றார். எழுந்தபோது கடைசியாக ஒன்று சொன்னார்.

“தீனியில இல்லாட்டியும் கோழி முட்டைய நிறுத்தாது சார். தன் எலும்புல இருக்குறத எடுத்து ஓட்டுக்குக் குடுக்கும். அதுவும் தீந்த பொறவுதான் தோல் முட்டை. உங்க கோழிங்க அந்த அளவுக்குக் குடுத்துருக்கு.”

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே நின்றால் டாக்டருக்கு வேலை கெட்டுப்போயிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர், மில்லில் மெஷின் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நாயைப் பற்றிச் சொல்ல இத்தனை நாளும் எனக்குக் கூச்சம். அவரிடம் போய் நின்றேன்.

“மாமா, காலையும் சாயங்காலமும் செத்த நேரம் நாயக் கட்டிப் போடணும்.”

“அட ராமா! இதச் செப்புறதுக்கா இம்புட்டு நாளு ஆச்சு? கோழிய ஜெயில்ல போட்டதுக்குப் பதிலா எங்கிட்ட ஒரு வார்த்த பேசிருக்கலாம்லய்யா?”

பேசியிருக்கலாம்தான். அவர் கட்டிப் போடுவதோடு நிற்கவில்லை. கோழிகள் வெளியே மேய்கிற நேரமெல்லாம் நாயின் சங்கிலியைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

கதவைத் திறந்த முதல் நாள் கோழிகள் வெளியே வந்து, இறக்கையை விரித்து மண்ணில் படுத்துக்கொண்டன. செத்துவிட்டன என்று நினைத்து நான் கத்தினேன். அக்கா உள்ளே இருந்து, “வெயில் காயுதுலே, கத்தாத” என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, “என்னையும் தூக்கிக்கிட்டுப் போயி அங்கன போடு. கோழிக்கு மட்டுந்தான் வெயிலா?” என்றார்.

நான் அக்காவின் அறை ஜன்னலையும் சாத்தித்தான் வைத்திருந்தேன். தூசி ஆகாது, அனல் ஆகாது என்று. கோழிக்குச் செய்ததைத்தான் அக்காவுக்கும் செய்கிறேன் என்று அது வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. நானும் மனைவியும் கயிற்றுக் கட்டிலோடு அக்காவைக் கொல்லைக்குக் கொண்டுவந்தோம். முருங்கை மரத்தடியில், கால் மட்டும் வெயிலில் படும்படி போட்டோம். வைகாசியிலும் ஆனியிலும் பல காலைப்பொழுது அப்படிப் போனது. அடை கெட்டுப்போனதை அங்கே வைத்துத்தான் அக்காவிடம் சொன்னேன். “தெரியும்லே. பொரிக்கிற கோழி சத்தம் வேற மாதிரி இருக்கும்” என்றார். கோபமில்லை.

முட்டை ஓடு ஒரே நாளில் தேறிவிடவில்லை. பெருவிரல் உள்ளே போனது நின்று, பிறகு கீறல் விழுவது நின்று, பிறகு ஒரு நாள் கையில் எடுத்தால் கல்லு மாதிரி கனத்தது. அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒதுக்கி, தானே எண்ணி வைத்துக் கொடுத்தார். கருப்புப் பெட்டை உட்கார்ந்தது. இந்த முறை நொறுக்கென்ற சத்தம் இல்லை. ஆனி முடிகிற சமயம் மூன்று குஞ்சுகள் பொரித்தன.

குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் போக எனக்குக் கால் வரவில்லை. காரணம் மேலே சொல்லிவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெக்க மொளைக்கணும்லே. கொண்ட தெரியணும். அதுக்குள்ள நான் எங்கயும் போயிர மாட்டேன்” என்றார்.

ஒரு குஞ்சைக் காக்கை கொண்டுபோனது. ஆடிக் காற்றில் கொட்டிய சாரலில் ஒன்று விறைத்துப்போனது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு நான் காவல் நின்றதைப் பார்த்தால் எல்லைப் பாதுகாப்பு என் மருமகன் வேலையா என் வேலையா என்று சந்தேகம் வரும். யூனிட்டுக்கு லீவு போட்டேன். குடையோடு கொல்லையில் நின்றேன். சாப்பிடக்கூட உள்ளே போகமாட்டேன். தட்டை மனைவி அங்கேயே கொண்டுவந்து கொடுப்பாள், அதிலும் பாதியைக் குஞ்சுக்குப் போடுவேன். அது ஒரு நேரம் கண்ணில் படாவிட்டால் முருங்கை மரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடுவேன். அக்காவுக்கு அப்போது கஞ்சிகூட இறங்கவில்லை. அந்தக் குஞ்சும் போய்விட்டால் இன்னொரு அடைக்கு நேரமில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 

ஆடி கடைசியில் ஒரு காலை, குஞ்சைக் கொண்டுவரச் சொன்னார் அக்கா. கொடுத்தேன். உள்ளங்கையில் உட்காரவைத்து, ஒரு விரலால் கொண்டையைத் தடவினார். இறக்கையை விரித்துப் பார்த்தார். காலைப் பார்த்தார். கீழே விட்டு, அது நிற்கிற நிலையைப் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சேவத்தாம்லே” என்றார்.

வாசல்படியில் நின்ற என் மனைவி, “அப்படியா மதினி?” என்றாள்.

“ஆமா தாயி. சேவல்தான். இனியாச்சும் ஒம் புருசன ஒழுங்காச் சாப்புடச் சொல்லு.”

மனைவி குஞ்சை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மஞ்சள் துணி வேண்டும் என்றார் அக்கா. என் வீட்டில் என்ன துணி இருக்கும்? பேண்டேஜில் ஒரு துண்டு கிழித்து மஞ்சளில் நனைத்துக் கொடுத்தேன்.  நான் குஞ்சின் காலைப் பிடித்துக்கொள்ள, அவரே கட்டினார். மேற்கே மலை இருக்கிற பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அன்று நர்ஸ் வந்தபோது, ஊசியைக் கூட்டிப் போடச் சொல்லித் தானே கையை நீட்டினார்.

ஆவணியில் மருமகன் லீவில் வந்து சேர்ந்தான். வந்த வாரத்தில், விடிந்து வெயில் ஏறுகிற நேரம், மகன் கையைப் பிடித்தபடி அக்கா காலமானார். முகத்தில் வேதனை இல்லை. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் நம்புகிறேன்; ஏனென்றால் அந்த நேரத்தில் என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். முட்டையோடு வந்தவனை நாற்காலி போட்டு உட்காரவைத்த கால்நடை மருத்துவர். மாதக்கணக்கில் நாய்ச் சங்கிலியைக் கையில் பிடித்திருந்த பக்கத்து வீட்டு மாமா. மழையிலும் வந்து ஊசி போட்ட நர்ஸ். நான் வராத நாளிலெல்லாம் என் வேலையையும் சேர்த்துப் பார்த்த யூனிட் ஆட்கள். அக்காவோடு அடுப்படியில் நின்ற சத்துணவுக் கூடத்துத் தோழிகள். அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்து, இன்று மீசையும் தொப்பையுமாக வந்து பாடைக்குத் தோள் கொடுத்த பிள்ளைகள். என் மனைவிக்கு அச்சில் நன்றி சொன்னால் வீட்டில் என்னவோ தப்புச் செய்திருக்கிறேன் என்று நினைப்பாள். ஆனாலும் சொல்கிறேன்.

திதி முடிந்ததும் அக்கா நேர்ந்த சேவலைக் கூமாப்பட்டிப் பக்கம் கருப்பசாமிக்குக் கொண்டுபோகிறோம். மருமகனும் வருகிறான். உறவுகளும் நண்பர்களும் வந்து கூட நிற்க வேண்டும். சேவல் இப்போதுதான் கூவப் பழகுகிறது. அது அக்கா துணி கட்டிய குஞ்சு அல்ல. அந்தக் குஞ்சு வளர்ந்து அடை உட்கார்ந்து பொரித்தது. கணக்கு இடிக்கிறதே என்று யோசிப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா போன பிறகு அந்தக் குஞ்சை நான் சேவல் சேவல் என்றே வளர்த்தேன். எப்போது கூவும் என்று விடியற்காலையில் காத்திருப்பேன். கொண்டை சிறிதாக இருக்கிறதே என்று பார்த்தவர்கள் கேட்டால், அக்கா வீட்டு வம்சம் அப்படி என்பேன். மாசியில் ஒரு நாள் அது ஸ்கூட்டரில் தொங்கிய ஹெல்மெட்டுக்குள் ஏறி உட்கார்ந்தது. இறங்கியபோது உள்ளே ஒரு முட்டை. தட்டிப் பார்த்தேன். ஓடு கல் மாதிரி இருந்தது.  அக்கா ஏமாந்துபோனார், நேர்ச்சை தீர்ந்தது என்று நம்பிக் கண்ணை மூடிவிட்டார், சாமிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று புலம்பிக்கொண்டே முட்டையோடு அடுப்படிக்குப் போனேன்.

“அக்காட்ட எப்படிச் சொல்லுவேன்? சேவல்னு நம்பித்தான போனா? அது பெட்டைடி!”

மனைவி தாளிப்பதை நிறுத்தவில்லை.

“மதினி எம்புட்டுக் காலமாக் கோழி வளத்தவிய? கொண்டையத் தடவுன அன்னைக்கே அது பெட்டைன்னு அவியளுக்குத் தெரியும். எனக்கே தெரிஞ்சது. ஒங்க மூஞ்சியப் பாக்கச் சகிக்கல, அதான் சேவல்னு சொல்லிட்டுப் போயிட்டாக.”